நாற்பத்தொன்றாம் துளை

மார்ச் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பது ஐம்பதுக்கு, புறவழிச்சாலையின் ஆறாம் கிலோமீட்டர் கல்லுக்குச் சற்று முன்னால், நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றது. பின்சக்கரம் சாலையில் பதினான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டருக்குக் கறுப்புக் கோடு இழுத்தது. ஓட்டியவருக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கோட்டின் நீளம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், விழுந்தவர் நில அளவைத் துறையில் சர்வேயர். பின்னால் ஜீப்பில் வந்த அவருடைய ஆட்கள் அவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் டேப் போட்டு அளந்தும் விட்டார்கள். பழக்க தோஷம். சர்வேயரும் வலியோடு வலியாக, “எங்கருந்து ஆரம்பிக்குதுன்னு சரியாப் பாருங்கப்பா” என்றாராம்.

செய்தி அந்த வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் பத்தரை மணிக்குத் தொலைபேசியில் வந்தது. அவர் ஒரு ஸ்கூட்டரின் பிரேக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தார். “ஐயையோ, சாருக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய கண் சுவரில் மாட்டியிருந்த பலகைக்குப் போய், நாற்பத்தொன்றாம் துளையில் நின்றது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டடிச் சதுரம், எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுத் துளை. மெக்கானிக் ஒரு வண்டியின் கார்புரேட்டரைச் சரிசெய்தால் அதோடு அனுப்பிவிட மாட்டார். கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள நேரான சாலைக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டுவார். அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை உருளவிட்டு ஓரம் கட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் நுனியில் உள்ள பீங்கானின் நிறம்தான் எஞ்சினின் ஜாதகம். வாடிக்கையாளர்களுக்கு அவர் அதை ஒரே மூச்சில் சொல்வார்: “வெள்ளைன்னா பசி. கறுப்புன்னா அஜீரணம். டீ கலர்னா வயிறார சாப்பாடு.” டீ நிறம் வந்த பிளக்கைப் பலகைத் துளையில் செருகி, கீழே வண்டி எண்ணும் தேதியும் எழுதி, வண்டிக்குத் தன் செலவில் புதுப் பிளக் போட்டுக் கொடுப்பார். அந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. ‘பிளக்குக்காரர்’ என்று பெயரே வந்துவிட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் நாற்பது துளைகள் நிரம்பியிருந்தன.

நாற்பத்தொன்றாவது சர்வேயருடையது. அதாவது, சர்வேயருடையது என்று எழுதியிருந்தது.

அவர் வண்டியின் பழைய சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனி சாமான் வரவில்லை. மெக்கானிக் அவரைத் தன் மாப்பிள்ளையிடம் அனுப்பினார். மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன், வெல்டர். இரும்புக் கேட், ஜன்னல் செய்வதைவிடச் சைலன்ஸர் வளைப்பதில்தான் அவருக்கு ஆசை. பழையதைவிடக் குட்டையாக, உள்ளே தடுப்பில்லாமல், நல்ல வளைவோடு ஒன்று செய்து மாட்டினார். வளைவின் மேல் சாக்பீஸால் ‘ஜெட் மாத்து’ என்று எழுதி, வண்டியை மச்சானின் கடைக்கே தள்ளிவிட்டார்.

எழுதியதில் விஷயம் இருந்தது. சைலன்ஸரைத் திறந்துவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். விட்ட அளவுக்குக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்; கூடாவிட்டால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் உருகும். கூட்டிக் கொடுப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட் என்ற பித்தளைத் துண்டு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. சர்வேயர் வண்டியில் இருந்த ஜெட்டின் ஓட்டை அளவு நூற்றுப் பன்னிரண்டு. வேண்டியது நூற்றிருபது.

மார்ச் 5, சனிக்கிழமை. மெக்கானிக் இழுப்பறையைத் திறந்து ஜெட் டப்பாவைக் கிளறினார். நூற்றிருபது இல்லை. உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டார். கடைக்கார அம்மா, “சொல்லி அனுப்பணும் தம்பி, பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்” என்றார்.

அப்போதே திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சர்வேயரிடம், “சார், ஜெட் வரட்டும், வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்று சொல்லியிருந்தால் கதை இல்லை. ஆனால் அரை மணி முன்பு, “ஒரு மணி நேர வேலை சார், பேப்பரைப் படிச்சு முடிங்க, வண்டி ரெடி” என்று சொன்னது அவர்தான். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். சர்வேயர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “இவர்கிட்ட ஒரு தடவை விட்டா அதே வேலைக்கு ரெண்டாவது தடவை வரவேண்டியதில்ல. நான் பத்து வருஷமாப் பாக்குறேன்.”

அந்தப் புகழ்ச்சி மெக்கானிக்கின் வாயை அடைத்துவிட்டது.

அவர் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஊசியின் கிளிப்பை ஒரு படி இறக்கி மாட்டினார். ஊசி சற்று உயர்ந்தது. பெட்ரோல் கொஞ்சம் கூடியது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆக்ஸிலேட்டரைப் பாதி முறுக்கும் வரைக்கும் ஊசிதான் ராஜா. முழுதாக முறுக்கினால் ஊசிக்கு வேலையில்லை, ஜெட்தான் எல்லாம். இது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் சர்வேயர் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர். பத்து நாள்தானே. ஜெட் வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியபோது சர்வேயர் எழுந்து பலகையருகே போனார். “நம்ம பிளக்கு எங்க? நாப்பத்தொண்ணு நமக்குத்தானே?” குழந்தை மாதிரிக் கேட்டார்.

மெக்கானிக் உள்ளே போனார். பழைய பிளக் டப்பாவில் கையை விட்டார். எந்த வண்டியுடையதோ, டீ நிறத்தில் ஒன்று அகப்பட்டது. துணியால் துடைத்துக் கொண்டுவந்து செருகி, வண்டி எண்ணையும் தேதியையும் எழுதினார். சர்வேயர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். படபடவென்று புதுச் சத்தத்தோடு வண்டி போயிற்று. சைலன்ஸர் சூட்டில் தெருமுனை தாண்டுவதற்குள் வெல்டரின் சாக்பீஸ் எழுத்து உதிர்ந்திருக்கும்.

விபத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மினி லாரியில் வண்டி வந்தது. மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனின் ஓரம் மெழுகு மாதிரி உருகி வழிந்து உறைந்திருந்தது. சிலிண்டர் சுவரில் நெடுக நகக் கீறல்கள். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சுண்ணாம்பு வெள்ளை. கார்புரேட்டரைத் திறந்தார், நூற்றுப் பன்னிரண்டு, எண் தெளிவாகத் தெரிந்தது, தான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பிளக்கைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அன்று முழுவதும் குனியும்போதெல்லாம் அது தொடையில் குத்தியது. எடுத்துப் போடவும் இல்லை.

சனிக்கிழமை சர்வேயர் கையில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வெல்டரிடம் சைலன்ஸர் வாங்கியவர்கள். செய்தி கேட்டுப் பயந்து வந்தவர்கள்.

“சார், கார்புரேட்டர்ல ஏதாவது…” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

சர்வேயர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி நிறுத்தினார். “அந்தப் பேச்சே வேண்டாம். இவர் வேலையில தப்பில்ல. அதோ பதிவு இருக்கு, பாருங்க. நாப்பத்தொண்ணு. நல்ல டீ கலர். நான் கண்ணால பாத்து போட்டோ எடுத்திருக்கேன்.” கைப்பேசியை எடுத்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். “கல்லு நட்டாச்சுன்னா எல்லை எல்லைதான். எங்க தொழில்ல பதிவுக்கு மேல ஒண்ணும் கிடையாது.”

“அப்ப சைலன்ஸர்தான்” என்றார் இன்னொருவர். “கண்ட இடத்துல பத்த வச்சு ஒட்டுனா இப்படித்தான்.”

“அவரையும் குத்தம் சொல்ல முடியாது” என்றார் சர்வேயர். குரலைத் தாழ்த்தி மெக்கானிக்கிடம், “உண்மையச் சொல்லணும்னா தப்பு என்மேலயும் இருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டா கை தானா முறுக்குது. அன்னிக்கு தொண்ணூத்தஞ்சுல போனேன். வீட்டுல சொல்லிடாதீங்க. இந்த வயசுல…” என்று வெட்கத்தோடு சிரித்தார்.

மெக்கானிக்கும் சிரித்தார். சிரித்த முகத்தை எப்போது இறக்குவது என்று தெரியாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை, பாறாங்கல்லாகக் கனத்தது. ஆளாளுக்குத் தப்பை எடுத்து யார் தலையிலோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தப்புச் செய்தவர் மட்டும் வெறுங்கையோடு நின்றார்.

சாயங்காலம் வெல்டர் போன் செய்தார். அதிகம் பேசாதவர். “மச்சான், ஜெட் மாத்தினேல்ல?”

“ம்” என்றார் மெக்கானிக்.

“சரி” என்று வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தைகூட இல்லை அந்த ‘ம்’. வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமைக்குள் நான்கு பேர் சைலன்ஸரைக் கழற்றிக் கொண்டுபோய் வெல்டரின் பட்டறையில் போட்டுவிட்டார்கள். ஒருவர் தெருவில் நின்று சத்தம் போட்டார். அதே திங்கட்கிழமை உதிரிபாகக் கடை அம்மா போன் செய்து, “நூத்திருபது வந்திருச்சு தம்பி. ரெண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டியே, அவசரம்னு” என்றார். மெக்கானிக் போய் வாங்கிக்கொண்டார். சின்னப் பிளாஸ்டிக் பையில் ஒரு பித்தளைத் துண்டு. அதையும் பையில், வெள்ளைப் பிளக்கோடு போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. இவரு மூணு நாளா சரியாச் சாப்பிடல. அந்தச் சைலன்ஸரை அறுத்துப் பாக்கப் போறாராம். நீ கூட இருந்தா நல்லதுன்னு சொல்றாரு.”

வெல்டரின் பட்டறை வீட்டுக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை. மெக்கானிக்கின் கடையிலிருந்து ஆள் விட்டு எடுத்துவந்திருந்த சர்வேயரின் சைலன்ஸர், வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் இறுகியிருந்தது. வெல்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மச்சானைப் பார்த்ததும் கூலிக்கு ஆள் வந்த மாதிரி, “அந்தப் பக்கம் பிடி. ஆடக் கூடாது” என்றார்.

“எதுக்கு மாப்ள இதெல்லாம்?”

“ரெண்டாவது ஜாயிண்ட்ல கரண்ட்டைக் கூட்டி வச்சுட்டேனோன்னு இருக்கு. உள்ள வெல்டு சொட்டு வழிஞ்சு தொங்கியிருக்கும். அது அடைச்சிருக்கும். எஞ்சின் மூச்சு முட்டிச் செத்திருக்கும்.” “அன்னிக்குச் சின்னவளுக்குக் காய்ச்சல். நான் பாதி கவனத்துலதான் வேலை செஞ்சேன்.”

தங்கை வாசலில் நின்றாள். “நானும் அதைத்தான் சொன்னேண்ணா. என் அண்ணன் பலகையில பொய் இருக்காது, நீங்கதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்கன்னு. தொழில்ல கவனமில்லாட்டி எதுக்கு அடுத்தவன் உயிரோட விளையாடணும்னு கேட்டுட்டேன்.”

வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரும்பு அறுக்கும் கிரைண்டரை ஓடவிட்டார்.

தீப்பொறி மெக்கானிக்கின் முழங்கையில் தெறித்தது. அவர் கையை எடுக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைத்தார். கிரைண்டர் நின்றதும் சொல்லலாம். நின்றது. வெல்டர் குழாயைத் திருப்பிப் போட்டார். “பிடி” என்றார். மறுபடி ஓடியது. இரண்டாவது அறுப்பும் முடிந்தது. சொல்வதற்கு இரண்டு இடைவெளிகள் கிடைத்தன. இரண்டிலும் அவர் குழாயை ஆடாமல் பிடித்திருந்தார்.

வெல்டர் உளியை நுழைத்துத் தட்ட, குழாய் நெற்றுப் போல இரண்டாகப் பிளந்தது. வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முதல் ஒட்டு, இரண்டாவது ஒட்டு, மூன்றாவது. விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். சொட்டு இல்லை, பிசிறு இல்லை. வளைவு முழுவதும் கண்ணாடித் தம்ளரின் உட்புறம் போல வழவழப்பாக இருந்தது. அத்தனை சுத்தமான வேலையை மெக்கானிக் அதற்கு முன் பார்த்ததில்லை; எந்தச் சைலன்ஸரையும் யாரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை.

வெல்டர் விரலைப் பார்த்தார். கரி ஒட்டவில்லை. வெளிறிய சாம்பல்தான் ஒட்டியிருந்தது. விரலை மச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது என்ன கலர் மச்சான்? நீதான் கலர் பாக்குறவன்.”

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

“வெள்ளை” என்றார் மெக்கானிக்.

“வெள்ளைன்னா?”

“பசி.”

மெக்கானிக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, பிளக்கையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்து, பிளந்து கிடந்த குழாயின் மேல் வைத்தார். “ஜெட் மாத்தல மாப்ள. கடையில இல்ல. திங்கக்கிழமைதான் வந்துச்சு. கிடங்கு ரோட்டுல ஓட்டியும் பாக்கல. பலகையில இருக்கிறது அவரு வண்டி பிளக்கே இல்ல.”

வெல்டர் ஜெட்டை எடுத்து எண்ணைப் பார்த்தார். வெயிலில் பிடித்து அதன் ஓட்டை வழியாகவும் பார்த்தார். பிறகு, “முதல் அறுப்புக்கு முன்னாடி சொல்லியிருந்தா குழாயாவது மிஞ்சியிருக்கும்” என்றார். கிரைண்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

தங்கைதான் கொட்டகைக்குள் இறங்கி வந்தாள். “நான் இவரை என்ன பேச்செல்லாம் பேசினேன் தெரியுமா உனக்கு? பிள்ளைங்க முன்னாடி பேசினேன். உன்னை நம்பிப் பேசினேன்ணா.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேதான் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னியா?”

அவள் அழுவாள் என்று மெக்கானிக் நினைத்தார், அவள் அழவில்லை. கீழே கிடந்த இரும்புத் தூளைப் பெருக்கத் தொடங்கினாள். துடைப்பம் அவர் காலருகே வந்தபோது, “தள்ளிக்கோ” என்றாள். ‘அண்ணா’ சேரவில்லை.

மறுநாள் காலை அவர் நில அளவை அலுவலகத்துக்குப் போனார். சர்வேயரின் மேசை மேல் வரைபடங்கள் பரப்பியிருந்தன. பறக்காமலிருக்க மாவுக்கட்டுக் கையை ஒன்றின் மேல் வைத்திருந்தார். மெக்கானிக் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஜெட், டப்பாவில் எடுத்த பிளக், வெல்டரிடம் சொன்ன ‘ம்’. வண்டியை முழுக்கத் தன் கையால் சரிசெய்து தருவதாகவும் சொன்னார்.

சர்வேயர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சர்வேயர் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அப்ப இது யாரோட பிளக்கு?”

“தெரியல சார்.”

“என் வண்டி நம்பர் போட்டிருக்கே.”

“நான் எழுதினதுதான் சார்.”

“நான் இதை எல்லாருக்கும் காட்டினேன்” என்றார் சர்வேயர். “இதைக் காட்டியே அந்த வெல்டர் பிழைப்பையும் கெடுத்தேன்.” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். “மத்த நாப்பதும்?”

“அதெல்லாம் நிஜம் சார். ஒண்ணொண்ணும் ஓட்டிப் பாத்துப் போட்டது. இது ஒண்ணுதான்.”

“இருக்கலாம்” என்றார் சர்வேயர். “ஆனா ஒரு கல்லை நகத்தியிருக்குன்னு தெரிஞ்சா நாங்க மொத்த நிலத்தையும் திரும்ப அளப்போம். அதுவரைக்கும் எந்தக் கல்லும் செல்லாது.” வரைபடத்தின் பக்கம் திரும்பினார். “வண்டியைச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க. ஆள் அனுப்பறேன்.”

ஏப்ரல் 11, திங்கட்கிழமை, வண்டி தயாரானது. சிலிண்டர் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, நூற்றிருபது ஜெட் மாட்டியிருந்தது. மெக்கானிக் கிடங்குச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்; பிளக் டீ நிறத்தில் வந்தது. அதை வண்டியிலேயே திரும்ப மாட்டினார். வண்டியை எடுக்கச் சர்வேயரின் உதவியாளர் வந்தார். புதுச் சைலன்ஸரை வெல்டர் செய்து கொடுத்தனுப்பியிருந்தார். அதில் சாக்பீஸ் எழுத்து எதுவும் இல்லை. பலகையைக் கழற்றி, பிளக்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. சைலன்ஸரைக் கழற்றிப் போட்ட நான்கு பேரின் வீட்டுக்கும் மெக்கானிக் நேரில் போய் நடந்ததைச் சொன்னார். மூன்று பேர் வெல்டரிடம் திரும்பினார்கள். சைலன்ஸர் மாற்றிய வண்டிகளை வெல்டர் இப்போது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள வேறொரு மெக்கானிக்கிடம் அனுப்புகிறார்.